துப்பாக்கிச் சட்டம் எதைக் குறைக்கிறது?

துப்பாக்கிச் சட்டம் பற்றிய வாக்குவாதம் எங்கே தொடங்கினாலும் பத்து நிமிடத்துக்குள் இரண்டு நாடுகள் வந்து நிற்கும். ஒருவர் ஜப்பானைக் கொண்டுவருவார்: பொதுமக்களிடம் நூறு பேருக்கு ஒரு துப்பாக்கிகூட இல்லை, துப்பாக்கிக் கொலையும் கிட்டத்தட்ட இல்லை. அடுத்தவர் சுவிட்சர்லாந்தை எடுத்துப் போடுவார்: நூறு பேருக்கு ஏறக்குறைய 28 துப்பாக்கி, ஆனாலும் கொலை விகிதம் லட்சத்துக்கு ஒன்றுக்கும் கீழே. அப்புறம் சிகாகோ, மெக்சிகோ, பிரேசில் என்று ஆளுக்கொரு ஊர். எல்லாரும் சொல்லும் தகவல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், வாதம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு நாடுகளுக்கிடையே வருமானம், போலீஸ், போதைக் கும்பல், குடிப்பழக்கம், இளைஞர்களின் எண்ணிக்கை என்று நூறு விஷயம் வேறுபடும்போது, துப்பாக்கியை மட்டும் பிரித்தெடுத்து அதன் மேல் பழி போடவோ புகழ் சூட்டவோ முடியாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். துப்பாக்கி எத்தனை இருக்கிறது என்பது ஒன்று, சட்டம் எவ்வளவு கடுமை என்பது வேறொன்று. சுவிட்சர்லாந்தில் துப்பாக்கி நிறைய, ஆனால் சட்டம் தளர்வானதல்ல. பெரும்பாலான துப்பாக்கிகளை வாங்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், ராணுவத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பவர்களிடம் கொடுத்திருந்த தோட்டாக்களை 2007 முடிவுக்குப் பிறகு அரசே திரும்ப வாங்கிக்கொண்டது. மெக்சிகோ நேரெதிர். சட்டப்படி துப்பாக்கி விற்கும் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவற்றையும் ராணுவமே நடத்துகிறது, ஆனால் 2018 வாக்கில் கொலை விகிதம் லட்சத்துக்கு 25ஐத் தாண்டியிருந்தது.

என்னைக் கேட்டால் சிக்கலே கேள்வியில்தான் இருக்கிறது. ‘துப்பாக்கிச் சட்டத்தால் குற்றம் குறையுமா?’ என்று கேட்கிறோம். குற்ற விகிதம் என்று போலீஸ் பதிவேட்டில் வரும் எண்ணில் பெரும்பகுதி திருட்டு, வீடு புகுதல், ஏமாற்று, அடிதடி. பூட்டிய வீட்டில் பின்கதவை நெம்பித் திறப்பவன் துப்பாக்கிச் சட்டத்தைப் பார்த்து நெம்புவதில்லை. அந்த எண்ணில் துப்பாக்கிச் சட்டத்தின் விளைவைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, கிடைக்கவில்லை என்பதால் சட்டம் வீண் என்று முடிவு கட்டவும் முடியாது. கேட்க வேண்டியது, நடக்கிற சண்டையிலும் வழிப்பறியிலும் எத்தனை பேர் சாகிறார்கள் என்பதை.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்கக் குற்றவியல் ஆய்வாளர் பிராங்க்ளின் ஸிம்ரிங். 1968இல் வெளியான அவருடைய ஆய்வு சிகாகோ போலீஸ் பதிவுகளை வைத்துச் செய்யப்பட்டது: கத்தியால் தாக்கியவை ஒருபக்கம், துப்பாக்கியால் தாக்கியவை ஒருபக்கம். கொல்ல நினைத்தவன் துப்பாக்கியை எடுப்பான், மிரட்ட நினைத்தவன் கத்தியை எடுப்பான் என்றுதான் அதுவரை பலர் எண்ணியிருந்தார்கள். பதிவுகளில் அப்படித் தெரியவில்லை. பெரும்பாலும் தெரிந்தவர்களுக்குள் வந்த சண்டை, திடீரென்று ஏறிய கோபம், பல இடங்களில் குடி; இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆட்கள், ஒரே மாதிரி காரணங்கள். வித்தியாசம் முடிவில் இருந்தது. துப்பாக்கித் தாக்குதலில் சாவு ஏறத்தாழ ஐந்து மடங்கு.

சரி, அதிலும் ஒரு ஓட்டை இருக்கத்தான் செய்கிறது. துப்பாக்கி எடுத்தவனுக்கு உள்ளுக்குள் கொலைவெறி கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். அந்த ஓட்டையை அடைக்கும் ஆய்வு ஐம்பது ஆண்டு கழித்து வந்தது. ஆந்தனி பிராகாவும் பிலிப் குக்கும் பாஸ்டனில் 2010 முதல் 2014 வரை நடந்த துப்பாக்கிச் சூடுகளை எடுத்துக்கொண்டு, சுட்ட தோட்டாவின் குறுக்களவை மட்டும் பார்த்தார்கள். இங்கே எல்லாரும் துப்பாக்கி எடுத்தவர்கள்தான். எத்தனை முறை சுட்டார்கள், உடம்பில் எங்கே பட்டது, என்ன தகராறு என்பவை சிறிய தோட்டாவுக்கும் பெரிய தோட்டாவுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஆனால் பெரிய தோட்டா பட்டவர்கள் அதிகம் செத்தார்கள். எல்லாரிடமும் சிறிய தோட்டாத் துப்பாக்கி மட்டுமே இருந்திருந்தால் கொலைகள் சுமார் 40 சதவீதம் குறைந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அதே ஊர், அதே கோபம், சில மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஒருவன் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வீட்டுக்குப் போகிறான், இன்னொருவன் போவதில்லை.

1990களின் தொடக்கத்தில் லண்டனில் வீடு புகுந்து திருடுவது நியூயார்க்கைவிட அதிகம். ஆனால் திருட்டிலும் வழிப்பறியிலும் உயிரிழந்தவர்களின் எண்ணிக்கை நியூயார்க்கில் பல பத்து மடங்கு. இதைச் சுட்டிக்காட்டியவரும் ஸிம்ரிங்தான், கோர்டன் ஹாக்கின்ஸோடு சேர்ந்து. குற்றம் செய்வதில் அமெரிக்கர்கள் மற்ற பணக்கார நாட்டுக்காரர்களைவிட அப்படியொன்றும் கெட்டவர்கள் இல்லை. அங்கே குற்றம் சாவில் முடிவது அதிகம்.

இதைப் பிடித்துக்கொண்டால், துப்பாக்கி ஆதரவாளர்கள் அடிக்கடி நீட்டும் வரைபடம் ஒன்றும் புரியும். அமெரிக்காவில் கொலை விகிதம் 1991இல் லட்சத்துக்கு 9.8, 2000இல் 5.5. அதே பத்தாண்டில் மக்களிடம் இருந்த துப்பாக்கிகள் கூடிக்கொண்டேதான் போயின. பொய்யில்லை. கிராக் போதைச் சந்தை அடங்கியது, சிறைகள் நிரம்பின, போலீஸ் கூடியது, பொருளாதாரம் ஏறியது; எதற்கு எவ்வளவு பங்கு என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். 2020இல் துப்பாக்கி விற்பனை உச்சத்துக்குப் போனது, கொலையும் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 30 சதவீதம் ஏறியது. சட்டம் வேண்டும் என்பவர்கள் இதைக் காட்டுவார்கள். ஆனால் 2023இலும் 2024இலும் கொலை வேகமாக இறங்கியது, அந்தத் துப்பாக்கிகள் எங்கும் போய்விடவில்லை. பிரேசிலில் 2017இல் 65 ஆயிரம் பேர் கொல்லப்பட்டார்கள், பெரிய சிறைக் கும்பல்கள் இரண்டு மோதிக்கொண்ட காலம் அது. 2019இலிருந்து போல்சனாரோ அரசு துப்பாக்கி வாங்குவதை எளிதாக்கியது, கொலைகளோ உச்சத்திலிருந்து இறங்கி வந்தன. எல் சால்வடோரில் 2015இல் லட்சத்துக்கு நூறைத் தாண்டிய கொலை விகிதம் 2023க்குள் மூன்றுக்கும் கீழே வந்ததென்றால், அங்கே நடந்தது மொத்தமாகக் கைது செய்து உள்ளே போட்டது. கொலையின் பெரிய அலைகளை ஏற்றி இறக்குவது கும்பல்களும் சந்தைகளும் போலீஸும்தான். துப்பாக்கிச் சட்டத்தின் பாதிப்பு அந்த அலைக்கு அடியில் இருக்கும், அலையைக் கழித்துவிட்டுத்தான் அதைப் பார்க்க முடியும்.

எப்படிக் கழிப்பது என்பதில்தான் ஆய்வாளர்களின் பாடு. ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். 1996 ஏப்ரல் 28, டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பிரதமர் ஜான் ஹோவர்ட் வலதுசாரிக் கட்சிக்காரர், அவருடைய கூட்டணிக்கு வாக்களித்தவர்களில் துப்பாக்கி வைத்திருந்த விவசாயிகள் ஏராளம். ஆனாலும் இரண்டு வாரத்துக்குள் எல்லா மாநிலங்களையும் உடன்பட வைத்தார்: அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி ரைபிள்களுக்கும் ஷாட்கன்களுக்கும் ஏறக்குறைய முழுத் தடை, மற்றவற்றுக்கு உரிமம், பதிவு, ‘எதற்கு வேண்டும்’ என்று காட்டக்கூடிய காரணம், 28 நாள் காத்திருப்பு. தற்காப்புக்கு என்று சொன்னால் அது காரணமாக ஏற்கப்படாது. மருத்துவக் காப்பீட்டு வரியில் ஒரு சிறு கூடுதல் போட்டு, அந்தப் பணத்தில் சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்து வாங்கி நசுக்கியது.

துப்பாக்கிச் சாவு அப்போது லட்சத்துக்கு மூன்றுக்குப் பக்கம் இருந்தது, இப்போது ஒன்றுக்கு அருகே. வெற்றி என்று எழுதிவிடலாம், பலர் எழுதியும் விட்டார்கள். ஆனால் 1996க்கு முன்பே அந்தக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. தடைக்குப் பிறகு இறக்கம் வேகமெடுத்தது என்று சைமன் சாப்மன் குழு சொன்னது. அது பழைய இறக்கத்தின் தொடர்ச்சிதான் என்று பேக்கரும் மெக்பெட்ரனும் சொன்னார்கள். ஆண்ட்ரூ லீயும் கிறிஸ்டின் நீலும் மாநிலம் மாநிலமாகப் பார்த்தார்கள்: எங்கே அதிகத் துப்பாக்கி திரும்பப் பெறப்பட்டதோ அங்கே துப்பாக்கித் தற்கொலை அதிகம் குறைந்திருந்தது. கொலையில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அங்கே துப்பாக்கிக் கொலை ஆரம்பத்திலேயே குறைவு, சின்ன எண்கள் ஆண்டுக்கு ஆண்டு தாமாகவே ஆடும்.

பிரிட்டனில் நேர்மாறான வாதத்துக்குத் தீனி கிடைத்தது. 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் ஒரு தொடக்கப் பள்ளிக்குள் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள், 1997இல் கைத்துப்பாக்கி கிட்டத்தட்ட முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது, ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல் ஒப்படைக்கப்பட்டன. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் இங்கிலாந்தில் துப்பாக்கிக் குற்றமும் கொலையும் ஏறுமுகம். ‘தடை போட்டார்கள், கொலை கூடியது, 2002-03இல் உச்சம் தொட்டது’ என்று இன்றும் வரைபடத்தோடு சுற்றுகிறது. அந்த உச்சத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டுக் கணக்கில் 172 கொலைகள் ஹரால்ட் ஷிப்மன் என்ற மருத்துவருடையவை. பல ஆண்டுகளாகத் தன் நோயாளிகளை ஊசி போட்டுக் கொன்றுவந்தவர். விசாரணை முடிந்து உறுதியான கொலைகளை, அவை நடந்த ஆண்டுகளில் சேர்க்காமல், தெரியவந்த ஆண்டில் மொத்தமாகச் சேர்த்துவிட்டார்கள். துப்பாக்கிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. துப்பாக்கிக் குற்றம் ஏறியது மட்டும் உண்மை. ஒரு பகுதி, 1998இலும் 2002இலும் போலீஸ் பதிவு விதிகள் மாறியதால் வந்தது. மறுபகுதி, போலித் துப்பாக்கிகளைச் சுடக்கூடியதாக மாற்றி விற்ற கள்ளச் சந்தையால் வந்தது, அதைப் போலீஸ் பிடித்து அடக்கச் சில ஆண்டுகள் ஆயின. தடை செய்யப்பட்டவை சட்டப்படி உரிமம் பெற்ற துப்பாக்கிகள், அவற்றால் நடந்த கொலை முன்பும் குறைவுதான். அந்தத் தடையால் தெருக் கும்பல்களின் கொலை குறையும் என்று எதிர்பார்த்ததே தப்புக் கணக்கு.

இன்னும் துல்லியமாகப் பார்க்க, ஒரே நாட்டுக்குள் ஒரு மாநிலம் விதியை மாற்றி அண்டை மாநிலம் மாற்றாத இடம் வேண்டும். அமெரிக்காவில் அது தாராளமாகக் கிடைக்கிறது. மிசௌரியில் கைத்துப்பாக்கி வாங்க வேண்டுமென்றால் முதலில் ஷெரிஃப் அலுவலகத்துக்கு நேரில் போய் அனுமதி வாங்க வேண்டும் என்று 1921இலிருந்து ஒரு விதி. 2007இல் அதை நீக்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் துப்பாக்கிக் கொலை விகிதம் எதிர்பார்த்த அளவைவிட ஏறத்தாழ கால் பங்கு கூடியது என்று டேனியல் வெப்ஸ்டர் குழு கணக்கிட்டது. துப்பாக்கி சம்பந்தப்படாத கொலையில் அப்படி ஏற்றம் இல்லை. கனெக்டிகட் 1995இல் எதிர்த்திசையில் போனது, அனுமதியும் பயிற்சியும் கட்டாயம் ஆக்கியது. துப்பாக்கிக் கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது என்று முதல் ஆய்வு. இந்த 40ஐ நான் கொஞ்சம் உப்போடு சேர்த்துத்தான் விழுங்குவேன். சட்டம் இல்லாதிருந்தால் கனெக்டிகட் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு கற்பனை மாநிலத்தைக் கட்டினார்கள், அதில் பெரும்பங்கு பக்கத்து ரோட் ஐலண்ட். சின்ன மாநிலம், அங்கே சில கொலைகள் கூடினாலே விகிதம் எகிறும். பின்னால் கூடுதல் ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 28 சதவீதத்துக்கு வந்தது. ஆனாலும் இரண்டு மாநிலங்கள், எதிரெதிர் மாற்றம், விளைவும் எதிரெதிர். அதைத் தள்ளிவிட முடியாது.

இந்த வகை விதி ஏன் வேலை செய்கிறது என்பதும் ஊகிக்கக் கூடியதுதான். குற்றவாளி சட்டத்துக்குக் கட்டுப்படமாட்டான் என்பது பிரபலமான வாதம், அதில் பாதி உண்மை. அவன் கையில் இருக்கும் துப்பாக்கியும் பெரும்பாலும் ஒருநாள் ஏதோ ஒரு கடையில் சட்டப்படி விற்கப்பட்டதுதான். கடையிலிருந்து அவன் கைக்கு வரும் வழியில் பதிவு சுத்தமான ஒருவர், காதலியோ மச்சானோ நண்பனோ, தன் பெயரில் வாங்கிக் கொடுக்கிறார். நேரில் போய்ப் போலீஸ் முன் நிற்க வேண்டும் என்றால் அந்த ஆள் தயங்குவார், அவ்வளவுதான்.

அந்த வழி மாநில எல்லையையோ நாட்டு எல்லையையோ மதிப்பதில்லை. சிகாகோவில் 2017இல் வெளியிட்ட கணக்குப்படி, குற்றங்களில் பிடிபட்டு எங்கே விற்கப்பட்டது என்று கண்டுபிடிக்கப்பட்ட துப்பாக்கிகளில் அறுபது சதவீதம் வெளிமாநிலத்திலிருந்து வந்தவை, அதில் முதலிடம் பக்கத்திலேயே இருக்கும் இண்டியானாவுக்கு. இதைவிடச் சுத்தமான சான்று மெக்சிகோ எல்லையில் கிடைத்தது. ராணுவ பாணி அரைத் தானியங்கிகளுக்கு அமெரிக்கா 1994இல் போட்ட தடை 2004 செப்டம்பரில் காலாவதியானது. மெக்சிகோவை ஒட்டிய மாநிலங்களில் கலிஃபோர்னியாவில் மட்டும் மாநிலத்தின் சொந்தத் தடை நீடித்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், டெக்சாஸ், அரிசோனா, நியூ மெக்சிகோவுக்கு அருகிலிருந்த மெக்சிகோ ஊர்களில் கொலை கூடியது. கலிஃபோர்னியாவுக்கு அருகிலிருந்த ஊர்களில் அந்த அளவுக்குக் கூடவில்லை. அரிந்திரஜித் துபே, ஒயின்ட்ரிலா துபே, ஒமார் கார்சியா-போன்சே மூவரும் 2013இல் வெளியிட்டது இது. மெக்சிகோ மக்கள் ஓட்டுப்போடாத ஒரு சட்டம், அவர்கள் சாவை மாற்றியிருக்கிறது.

கடுமையான சட்டம் மட்டும் போதாது என்பதற்கு ஜமைக்காவே போதும்: 1974இல் துப்பாக்கி வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றம், கடும் தண்டனை, ஆனால் உலகின் மிக உயர்ந்த கொலை விகிதங்களில் ஒன்றை அந்தத் தீவால் பல பத்தாண்டுகள் அசைக்க முடியவில்லை. தென்னாப்பிரிக்காவின் கதை இன்னும் மோசம். 2000இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு பெருநகரங்களில் துப்பாக்கிக் கொலை குறைந்தது, ஆய்வுகளே இருக்கின்றன. பொதுமக்கள் ஒப்படைத்தவையும் போலீஸ் பறிமுதல் செய்தவையும் உருக்கப்பட வேண்டும். அந்தப் பொறுப்பிலிருந்த போலீஸ் கர்னல் ஒருவரே சுமார் 2,000 துப்பாக்கிகளைக் கேப் டவுன் கும்பல்களுக்கு விற்றுவிட்டார். 2016இல் 18 ஆண்டு சிறை. அந்தத் துப்பாக்கிகளோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகள் இணைக்கப்பட்டன.

தற்கொலையைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. குற்றம் என்று பேசும்போது அது கண்ணில் படுவதே இல்லை. அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48 ஆயிரத்துக்கும் மேல், அதில் பாதிக்கும் அதிகம் தற்கொலை. சட்டத்தின் விளைவு மிகத் தெளிவாகத் தெரிவதும் இங்கேதான். கடையில் வாங்குபவர்களின் பின்னணியைச் சரிபார்க்க வைத்த பிரேடி சட்டம் 1994இல் அமலுக்கு வந்தது, கொலையில் அதன் தடயம் எதையும் லுட்விக்கும் குக்கும் காணவில்லை, ஆனால் 55 வயதுக்கு மேற்பட்டவர்களின் துப்பாக்கித் தற்கொலை குறைந்திருந்தது. இஸ்ரேல் ராணுவம் 2006இல், வார இறுதி விடுப்பில் வீட்டுக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட வேண்டும் என்று ஆக்கியது. வீரர்களின் தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது, அந்தக் குறைவு பெரும்பாலும் வார இறுதிகளில். சுவிட்சர்லாந்து 2003இல் ராணுவத்தைப் பாதியாகச் சுருக்கியபோதும் அந்த வயது ஆண்களிடம் இதே போக்கு. வேறு வழி தேடுவார்களே என்பார்கள். சிலர் தேடினார்கள், பெரும்பாலோர் தேடவில்லை. அந்த நெருக்கடி பலருக்குச் சில மணி நேரத்தில் கடந்துபோவது.

இனி எதிர்ப்பக்கத்தின் பலமான ஆயுதம். நல்லவர்கள் கையில் துப்பாக்கி இருந்தால் கெட்டவன் பயப்படுவான் என்பதை எண்களோடு சொன்னவர் ஜான் லாட். இடுப்பில் துப்பாக்கி செருகிக்கொண்டு வெளியே போக எளிதில் அனுமதி தரும் மாநிலங்களில் வன்முறைக் குற்றம் குறைந்தது என்று 1990களின் பிற்பகுதியில் அவர் வெளியிட்டது பல சட்டமன்றங்களில் சாட்சியமாக ஓடியது. 2004இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் அதே தரவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, குறைந்தது என்றும் கூடியது என்றும் இதிலிருந்து சொல்ல முடியாது என்றது. குழுவில் ஒருவர் மட்டும் மாறுபட்டார். பின்னால் ஜான் டோனஹியூ குழு 2019இல் நீண்ட காலத் தரவோடு பார்த்தபோது, அந்தச் சட்டம் வந்த பத்தாண்டில் வன்முறைக் குற்றம் 13 முதல் 15 சதவீதம் கூடுதல். இங்கே குற்ற விகிதமே நகர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். காரில் விட்டுப் போகும் துப்பாக்கிகள் திருடு போவது ஒரு காரணம் என்கிறார்கள். ஃப்ளோரிடா 2005இல், மிரட்டல் வந்தால் ஒதுங்கிப் போகத் தேவையில்லை, நின்ற இடத்திலேயே சுடலாம் என்று சட்டம் போட்டது. கொலை 24 சதவீதம் ஏறியது, அதே விதி இல்லாத மாநிலங்களில் ஏறவில்லை.

இவ்வளவுக்கும் இந்தத் துறையில் ஆய்வு குறைவு, அது தற்செயலும் இல்லை. 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பட்ஜெட்டில் துப்பாக்கி ஆய்வுக்குச் செலவான 26 லட்சம் டாலரை அப்படியே வெட்டியது, துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்க நிதியைப் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதிவைத்தது. பணம் மீண்டும் வரத் தொடங்கியது 2020ஆம் நிதியாண்டில். மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்கில், குற்றத்தில் பிடிபட்ட துப்பாக்கி எந்தக் கடையில் விற்கப்பட்டது என்று தேடும் அரசு மையம் ஒன்று இருக்கிறது. மூடப்பட்ட கடைகளின் பதிவேடுகள் பெட்டி பெட்டியாக அங்கே வந்து சேரும். வாங்கியவர் பெயரைத் தட்டித் தேடும்படி கணினியில் வைக்கச் சட்டம் அனுமதிக்காது, ஆகவே பக்கங்களைப் படமாக மட்டும் பிடித்துவைத்து, ஊழியர்கள் ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார்கள். எந்த மாநிலத்தில் எத்தனை பேரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று பதிவு இல்லாததால், தற்கொலைகளில் எத்தனை துப்பாக்கியால் நடந்தது என்ற பங்கை வைத்தே ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள்.

கடைசியில் ஒரு வேடிக்கை. அமெரிக்க நீதிமன்றங்களில் இந்த எண்களுக்கெல்லாம் இப்போது மதிப்பு குறைந்துவிட்டது. 2022இல் ப்ரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு துப்பாக்கிச் சட்டம் உயிரைக் காக்கிறதா என்று எடைபோட வேண்டாம், நாட்டின் வரலாற்று மரபில் அப்படி ஒரு கட்டுப்பாடு இருந்ததா என்று பாருங்கள் என்றது. உடனே கீழ்நீதிமன்றம் ஒன்று, குடும்ப வன்முறைக்காகத் தடையுத்தரவுக்கு உள்ளானவனிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கும் விதியையே செல்லாது என்றது, அந்தக் காலத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை என்பதால். 2024இல் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் திருத்தியது. அங்கேயும் தீர்ப்புக்குத் துணை வந்தவை பழைய காலத்துச் சட்டங்கள்தான்.